காது கேட்கவில்லை என்று சொல்லக் கற்ற கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாத வாத்தியார் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள். இதில் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டு மன்னிப்பும் இருக்கிறது.

போன ஐப்பசியில் ஒரு பழைய மாணவன் போன் பண்ணினான். "சார், அப்பா நேத்து தவறிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறான். என் காதில் விழுந்தது, "அப்பா நேத்து தங்கிட்டாங்க". ஊரிலிருந்து வந்த அப்பா மகன் வீட்டில் தங்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்டே, நல்லா கவனிச்சுக்கோ" என்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நானும் வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் அவனோடு படித்த இன்னொருவன் வீட்டுக்கு வந்தான். "என்ன சார், அவன் அப்பா காரியத்துக்கு உங்களைக் காணலியே" என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே மருமகள் சொல்லியிருந்தாள், "மாமா, டிவி சத்தம் தெருமுனை வரை கேக்குது" என்று. "நீங்கதான் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுதிய" என்று நான் திருப்பிச் சொன்னேன். காது போனவன் முதலில் குறை சொல்வது ஊரார் வாயைத்தான்.

எங்கள் அம்மாவுக்கும் அறுபத்தைந்து வயதுக்கு மேல் காது மந்தமாகிவிட்டது. முதலில் நாங்கள் கத்திப் பேசினோம். பிறகு சிரித்தோம். கடைசியில் சொல்வதையே நிறுத்திவிட்டோம். "அவகிட்ட சொல்லி என்ன, ஊருக்கே கேக்கும்படி கத்தணும்" என்பார்கள் வீட்டில். தம்பிக்குப் பெண் பார்த்த விஷயமே அம்மாவுக்குக் கடைசியாகத்தான் தெரியும்.

அம்மா அதற்கு இரண்டு வழி வைத்திருந்தாள். திண்ணையில் வெளிச்சம் எதிராளி முகத்தில் விழுகிற மாதிரி பார்த்து உட்காருவாள். வாயைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வாள். இன்னொன்று, யார் வந்தாலும் நிறுத்தாமல் தானே பேசிக்கொண்டிருப்பாள். வாயாடி என்று பெயர் வாங்கினாள். தொடர்ந்து பேசினால் கேட்க வேண்டிய அவசியம் வராது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். அது எனக்கு அப்போது புரியவில்லை. நானும் அதையே செய்ய ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

சரி, வரலாற்று வாத்தியாருக்குத் துக்கம் வந்தால் புத்தகத்தைத்தான் எடுப்பான். உலகத்தில் காது போன பெரியவர்கள் என்னதான் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன்.

மனிதனின் முதல் காதுக் கருவி அவன் உள்ளங்கை. காதுக்குப் பின்னால் கையைக் குவித்துப் பாருங்கள், சத்தம் கொஞ்சம் கூடும். அதற்கு அடுத்து மாட்டுக்கொம்பு. பிறகு தகரத்திலும் வெள்ளியிலும் செய்த ஊதுகுழல் மாதிரியான குழாய்கள். அகன்ற வாயைப் பேசுகிறவர் பக்கம் நீட்டி, குறுகிய முனையைக் காதில் வைத்துக்கொள்வது. இருநூறு முந்நூறு வருஷம் ஐரோப்பாவில் இதுதான் வைத்தியம்.

இசைமேதை பீத்தோவனுக்கு முப்பது வயது ஆகுமுன்பே காது மங்கத் தொடங்கிவிட்டது. 1802இல் தம் சகோதரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார், அனுப்பவில்லை. அதில் அவருடைய பெரிய வேதனை, 'எனக்குக் கேட்கவில்லை, சத்தமாகப் பேசுங்கள்' என்று நாலு பேரிடம் சொல்ல முடியவில்லையே என்பதுதான். மற்றவர்களைவிடக் கூர்மையாக இருக்கவேண்டிய புலன் அல்லவா அவருக்கு? அதனால் கூட்டத்தை விட்டே ஒதுங்கினார். ஊரார் அவரைச் சிடுமூஞ்சி என்றார்கள். 1818 வாக்கில்தான் மனம் மாறி நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டார். வருகிறவர்கள் அதில் எழுதுவார்கள், அவர் வாயால் பதில் சொல்வார். அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட நோட்டுகள் இன்றும் இருக்கின்றன. அவருடைய ஒன்பதாவது சிம்பொனி 1824இல் அரங்கேறியபோது கைதட்டல் கேட்காமல் நின்றிருந்தாராம். பாடகி ஒருத்தி அவரைச் சபையைப் பார்த்துத் திருப்பிவிட்டாளாம்.

நம் நாட்டிலும் ஒருவர் உண்டு. உருதுக் கவிஞர் காலிப். 1869இல் டில்லியில் காலமானவர். கடைசி வருஷங்களில் அவருக்குக் காது அறவே கேட்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டுவார்கள், அவர் பேசிப் பதில் சொல்வார். பீத்தோவன் செய்த அதே ஏற்பாடு. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததாகத் தெரியவில்லை. தேவை ஒன்று, வழியும் ஒன்று.

போர்ச்சுக்கல் ராஜா ஆறாம் ஜான் கதை வேறு மாதிரி. 1819இல் அவருக்காக லண்டனில் ஒரு சிம்மாசனம் செய்தார்கள். இரண்டு கைப்பிடியிலும் வாயைத் திறந்த சிங்கம். அந்த வாய்க்குள் பேசினால் சத்தம் நாற்காலிக்குள் குழாய் வழியே போய் ராஜாவின் காதுக்கு வரும். மனு கொடுக்க வந்தவன் மண்டியிட்டுச் சிங்கத்தின் வாயில் பேசவேண்டும். ராஜாவுக்குக் காது கேட்காது என்பது வெளியே தெரியாது, மரியாதை செய்வது மாதிரித்தான் தெரியும்! அதே காலத்தில் பெண்களுக்கு விசிறிக்குள் ஒளித்த குழாய், தொப்பிக்குள் ஒளித்த குழாய் எல்லாம் விற்றார்கள்.

இவர்களுக்கு நடுவே எனக்குப் பிடித்துப்போனவர் ஹாரியட் மார்ட்டினோ என்ற இங்கிலாந்து எழுத்தாளர். சின்ன வயதிலேயே காது போனவர். பெரிய காதுக்குழலை எல்லார் முன்னாலும் கையில் வைத்துக்கொண்டு மந்திரிகளோடும் அறிஞர்களோடும் பேசினார். 1834இல் காது கேளாதவர்களுக்கு என்றே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதன் சாரம் இதுதான்: உங்கள் குறையை ஒளிக்காதீர்கள், கேட்டதுபோல் நடிக்காதீர்கள், கூச்சத்தை விட்டுக் குழலைக் கையில் எடுங்கள். கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முந்திய பாடம். நான் எழுபதைத் தாண்டித்தான் படித்தேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற அம்மையார் 1890களில் காது கேளாத பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. தென்னிந்தியாவில் இந்த வேலையில் முன்னோடி நம்ம திருநெல்வேலிச் சீமைதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பிறவியிலேயே கேளாத பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பள்ளி கிடைத்தது, கைமொழி கிடைத்தது, அதே மொழி பேசும் கூட்டாளிகள் கிடைத்தார்கள். வயதான பிறகு காது போகிறவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அறுபது வருஷம் பேசிக் கேட்டுப் பழகிய உலகத்திலேயே, கதவுக்கு வெளியே நிற்கிற மாதிரி நிற்கவேண்டியதுதான்.

கருவிகளின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற கிரகாம் பெல், காது கேளாதோருக்குப் பாடம் நடத்திய ஆசிரியர். அவருடைய தாயாருக்கும் மனைவிக்கும் காது கேட்காது. தொலைபேசியில் சத்தத்தை மின்சாரமாக்கிய அதே வித்தைதான் மின்சாரக் காதுக் கருவிக்கும் அடிப்படை. 1898இல் அமெரிக்காவில் ஹட்சிசன் என்பவர் அப்படி ஒன்றைச் செய்தார். மேஜைமேல் வைக்கிற அளவு பெரியது. 1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. டிரான்சிஸ்டர் என்றதும் நம் எல்லாருக்கும் ரேடியோதான் ஞாபகம் வரும். ஆனால் ரேடியோ வந்தது 1954இல். அதற்கு முன்பே, 1952 கடைசியில், டிரான்சிஸ்டர் வைத்த காதுக் கருவி கடைக்கு வந்துவிட்டது. பெல்லின் நினைவாகக் காதுக் கருவி செய்கிறவர்களிடம் அந்த நிறுவனம் உரிமைத்தொகை வாங்கவில்லை. இன்று உங்கள் கையிலிருக்கும் போனுக்குள் கோடிக்கணக்கில் இருக்கிற அந்தப் பொருளைக் கடையில் காசு கொடுத்து முதலில் வாங்கியவர்கள் காது மந்தமானவர்கள்!

நம் ஊரில் நான் சிறுவனாகப் பார்த்த கருவி சட்டைப் பையில் தீப்பெட்டியைவிடப் பெரிய பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். எங்கள் பெரியப்பா ஒருவர் வைத்திருந்தார். பெட்டி அவ்வப்போது 'கூய்' என்று கத்தும், நாங்கள் சிரிப்போம். சட்டைத்துணி உரசினாலும் அவர் காதில் இடி மாதிரிக் கேட்குமாம். ஒரு கல்யாண வீட்டில் கேலி பேசினார்கள் என்று கழற்றிப் பெட்டியில் பூட்டிவைத்தவர், சாகும்வரை எடுக்கவில்லை. 1965இல் மைசூரில் மத்திய அரசு பேச்சு, செவிப்புலனுக்கென்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. காது பரிசோதிக்கிற நிபுணர்கள் நம் நாட்டில் படித்து வெளிவர ஆரம்பித்தது அந்தக் காலத்தையொட்டித்தான். பெரியப்பா காலத்தில் கருவி இருந்தது, அதைக் காதுக்குத் தகுந்தபடி பொருத்திச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

இப்போது என் கதை. அந்த ஐப்பசிக்குப் பிறகு மகன் என்னைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். (சிலருக்கு அதை எடுத்தாலே பாதி சரியாகிவிடும். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, ஊக்கால் குடைவது எல்லாம் வேண்டாம்.) பிறகு சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கடைசியில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். இடது பக்கம் சமதரை, வலது பக்கம் போகப் போக மலைச்சரிவு.

அந்தச் சரிவுக்கு அர்த்தம் கேட்டேன். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் முடி போன்ற நுனியுள்ள செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. கீச்சென்ற ஒலிகளைப் பிடிக்கிறவை சுருளின் வாசலிலேயே இருக்கின்றன. வயதானால் முதலில் அழிவது அவைதான். போனால் மறுபடி முளைக்காது. மில், தறி, தவில், வேட்டுச் சத்தம் என்று வாழ்நாளெல்லாம் கேட்டவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

இதை நம் இலக்கண வகுப்புப் பாஷையில் சொன்னால், உயிரெழுத்து கேட்கிறது, மெய்யெழுத்து கேட்கவில்லை. அ, ஆ, ஓ எல்லாம் கனத்த ஒலிகள், நன்றாக விழும். க், ச், த், ப் எல்லாம் மெல்லிய, உயர்ந்த ஒலிகள், நழுவிவிடும். 'கல்'லும் 'பல்'லும் ஒன்றாகிவிடும். 'தவறி'யும் 'தங்கி'யும் ஒன்றாகிவிட்டது. அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் "சத்தம் கேக்குது, பேச்சு வெளங்கலை" என்கிறோம். அதனால்தான் கத்தினாலும் பிரயோசனமில்லை. கத்தும்போது உயிர்தான் கூடுகிறது, மெய் தெளிவதில்லை.

கருவி வாங்கி மாட்டிய முதல் வாரம் நரகம். மின்விசிறி ரைஸ்மில் மாதிரி இருந்தது. என் செருப்புச் சத்தத்தை யாரோ பின்னால் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். கழற்றி எறிந்துவிடலாமா என்றிருந்தது. பெரியப்பா ஞாபகம் வந்தது. "மூளை மறந்த சத்தங்களை மறுபடி பழகணும் சார், ஒன்றிரண்டு மாசம் ஆகும்" என்றார் பரிசோதித்த பெண். முதலில் வீட்டுக்குள் இரண்டு மணி நேரம், பிறகு நாலு, பிறகு பகல் முழுக்க என்று கூட்டினேன். ஒரு நாள் காலையில் கொல்லையில் அணில் கத்தியது கேட்டது. எத்தனை வருஷமாயிற்று!

இருந்தாலும் கருவி பாதிதான். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் வைத்து நாதஸ்வரம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேச்சு இன்றும் எனக்குப் பிடிபடாது. மீதிப் பாதியை நானே செய்துகொள்கிறேன், அம்மா செய்த மாதிரி. முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்து, முகங்களைப் பார்த்து உட்காருகிறேன். தேதி, நேரம், பெயர் என்றால் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறேன். முக்கியமான சேதியை வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்கிறேன். யோசித்தால் இது பீத்தோவனின் நோட்டுதான். பேசுவதைத் தமிழிலேயே எழுத்தாக்கிக் காட்டும் ஆப் ஒன்றைப் பேத்தி போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். நம்ம ஊர்ப் பேச்சுக்குத்தான் அது சில நேரம் முழிக்கிறது.

தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல்தான் காதால் கேட்பதற்கும், வாய்விட்டுக் கேட்பதற்கும். கேட்கவில்லையென்றால் கேட்கவேண்டும். இவ்வளவுதான் வைத்தியத்தின் முதல் படி. அதைச் செய்யத்தான் ராஜாவுக்கும் வாத்தியாருக்கும் கூச்சம்.

நம் ஊர்க்காரனாக இன்னொன்றும் சொல்லவேண்டும். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த நம் ஊர் எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் இதே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தச் சங்கம் வந்த பிறகு சக்கர நாற்காலியைப் பார்த்து இந்த ஊரில் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஊன்றுகோலும் காலிப்பரும் நமக்குச் சாதாரணம். கண்ணாடி போடாத பெரியவர் இல்லை. காதுக் கருவியை மட்டும் ஏன் தலைமுடிக்குள் மறைக்கிறோம்? 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கைப்படி, அறுபது வயது தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல் வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்குக் காது மந்தம் உண்டு. நம் தெருவில் எண்ணிப் பாருங்கள், அத்தனை கருவி கண்ணில் படுகிறதா?

வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த வயோஸ்ரீ திட்டத்திலும் காதுக் கருவி உண்டு. ஒரே நாளில் திடீரென்று காது அடைத்துப் போனால் மட்டும் தாமதிக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிற பிள்ளைகளுக்கு என் வீட்டுப்பாடம் இதுதான். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், முன்னால் வந்து பேசுங்கள். டிவியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். கத்தாமல், நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். ஒரு தடவை விளங்கவில்லையென்றால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "என்ன சொன்னே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தை போதும், ஒரு மனுஷனைத் திண்ணைக்கு அனுப்ப. நாங்கள் அம்மாவை அப்படித்தான் அனுப்பினோம்.

இனி மன்னிப்பு. அப்பாவை இழந்த அந்த மாணவன் வீட்டுக்கு நேரில் போனேன். கருவியைக் கழற்றி அவன் கையில் வைத்து, "அன்னைக்கு எனக்குக் கேக்கலைடே" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பவே சொல்லியிருக்கலாமே சார்" என்றான். ஆமாம், சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது, நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய நாலைந்து வருஷம் என்னிடம் படித்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. அந்த வருஷங்களில் உங்களை நான் கேள்வி கேட்பதையே குறைத்துவிட்டேன். படிக்கமாட்டான் என்றுதான் சார் நம்மைக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து நீங்கள் சொல்லும் பதில் எனக்குக் கேட்காது. அதை வகுப்பு முன்னால் காட்டிக்கொள்ள எனக்கு வெட்கம். முன் பெஞ்சோடு பாடத்தை முடித்துக்கொண்டேன். என் வெட்கத்துக்கு நீங்கள் விலை கொடுத்தீர்கள். மன்னித்துவிடுங்கள், பிள்ளைகளே.

போன வாரம் சாரலுக்குப் பேரன் பேத்தியோடு குற்றாலம் போயிருந்தேன். கருவிகளைக் கழற்றி டப்பாவில் போட்டு வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு மெயினருவிக்குள் நுழைந்தேன். அங்கே யாருக்கும் யார் பேச்சும் கேட்கவில்லை. எல்லாரும் கையை ஆட்டுகிறார்கள், வாயைப் பார்க்கிறார்கள், விளங்கவில்லையென்றால் கிட்டே வந்து காதில் சொல்கிறார்கள், சிரிக்கிறார்கள். ஒருவருக்கும் வெட்கமில்லை, கோபமில்லை. வெளியே வந்தும் இப்படியே இருந்தால் என்ன என்று தோன்றியது.

அடுத்த முறை போன் பண்ணும்போது நான் "என்னடே சொன்னே?" என்று கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வாத்தியார் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

வாழ்க வளமுடன்.
என்றும் அன்புடன், உங்கள் வரலாற்று வாத்தியார், ஆய்க்குடி.